சொல்லாமல் வந்த பிழையும் சனிக்கிழமைத் தண்ணீரும்

நியெவெஸ் சுரீதாவிடம் யாரும் லேசில் எதையும் கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்ற பயம்தான்.

"நாளைக்கு வர்றீங்களா?" என்று கேட்டால் அந்தக் கொச்சபம்பா நகரத்தில் பிறந்த எவரும் "கண்டிப்பா" என்று சொல்லிவிட்டு வராமல் இருந்துகொள்வார்கள். அதுதான் அங்கே பண்பாடு. வராதவர் மன்னிப்புக் கேட்பதில்லை, காத்திருந்தவர் கோபித்துக்கொள்வதுமில்லை. நியெவெஸ் மட்டும், "வருவேன். சாலை மறியல் இருந்தா வர முடியாது. மழை பெஞ்சு ஆத்துல வெள்ளம் வந்தாலும் முடியாது. எதுன்னாலும் எட்டு மணிக்கு முன்னாடி போன் பண்ணிடறேன்" என்பாள். கேட்டவருக்கு முகம் தொங்கிப்போகும். ஒரு விருந்துக்கு அழைத்ததற்கு இவ்வளவு துக்கச் செய்தியா என்று நொந்துகொண்டு போவார்கள். அலுவலகத்தில் அவளுக்கு 'டோனா ஒருவேளை', அதாவது 'ஒருவேளை அம்மாள்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனால் அவளுக்குத் தெரியும்.

அவள் இப்படி ஆனதற்கு அவள் அம்மாவைத்தான் சொல்ல வேண்டும். கிளீசா என்ற ஊரில் சிச்சா என்ற கள் விற்ற வீடு அது. வாசலில் கம்பு நட்டு வெள்ளைக்கொடி கட்டியிருந்தால் உள்ளே மக்காச்சோளக் கள் இருக்கிறது, கொடி இல்லையென்றால் இல்லை. ஊரில் மற்ற வீடுகள் கொடியை ஏற்றினால் கம்பு மட்கும்வரை இறக்க மாட்டார்கள். உள்ளே வந்து உட்கார்ந்தவன் கள் இல்லையென்றாலும் ஒரு தட்டுச் சாப்பாடாவது வாங்காமல் போக மாட்டான் என்ற வியாபார ஞானம். நியெவெஸின் அம்மா மட்டும் பானையின் அடி தெரிந்ததும் கொட்டும் மழையில்கூடப் போய்க் கொடியை இறக்குவாள். அதனால் அவள் பணக்காரியாகவில்லை. அவள் வாசலில் வந்து ஏமாந்து திரும்பியவன் என்று ஒருவனும் இல்லை என்பது மட்டும் மிச்சம்.

கல்யாணம் ஒன்றும் கிட்டத்தட்ட நடந்தது. வால்டர் என்றொருவன். "என்னை எப்பவும் விரும்புவியா?" என்று கேட்டான். "விரும்புவேன். குடிச்சிட்டு அடிச்சா மாட்டேன். உங்கம்மாகூட ஒரே வீட்டுலன்னா கொஞ்சம் யோசிக்கணும்" என்றாள். வால்டர் எந்த நிபந்தனையும் போடாமல் "உயிருள்ளவரைக்கும்" என்றான். பிறகு ஒரு வாரத்துக்குச் சாந்தா குரூஸ் போய்வருகிறேன் என்று கிளம்பியவன், ஸ்பெயினில் வலென்சியாவிலிருந்து போன் செய்தான். ஆரஞ்சுத் தோட்டத்தில் நல்ல வேலையாம். இப்படிக் கம்பி நீட்டுகிறவர்கள் எப்போதும் இனிமையாகத்தான் பேசுவார்கள் என்று நியெவெஸ் அன்று தெரிந்துகொண்டாள். அழுதாள், ஒரு வாரம். யாரும் தேற்றவில்லை, ஏனென்றால் எல்லோரும் "அவன் திரும்பி வந்துடுவான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்படிப்பட்டவளுக்குப் பல்கலைக்கழகத்தில் ஜாவா என்ற கணினி மொழியைச் சொல்லிக்கொடுத்தபோது சொந்த ஊருக்கு வந்துசேர்ந்தது போலிருந்ததில் ஆச்சரியமில்லை. ஜாவாவில் ஒரு விதி உண்டு. வெளியே போய் எதையாவது கேட்டுவரும் வேலையில், எதிர்முனை பதில் சொல்லாமலும் போகலாம். அப்படி ஒரு தோல்வி வரக்கூடும் என்றால், அந்த வேலையைச் செய்யும் நிரல், அதாவது புரோகிராம், தன் நெற்றியிலேயே 'என்னிடமிருந்து இன்ன பிழை வரலாம்' என்று எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும். 'த்ரோஸ்' என்று ஒரே ஒரு சொல். அதைக் கூப்பிட்டு வேலை வாங்குகிறவர், அந்தப் பிழை வந்தால் தான் என்ன செய்யப்போகிறார் என்று 'கேட்ச்' என்ற இடத்தில் பதில் எழுத வேண்டும், இல்லையென்றால் தன் நெற்றியிலும் அதையே ஒட்டிக்கொள்ள வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால், நிரலை ஓடவிடுவதற்கு முன் படித்துச் சரிபார்க்கும் கம்பைலர் அதை வாசலிலேயே நிறுத்திவிடும். தன் அம்மாவையும் இந்தக் கம்பைலரையும் தவிர உலகத்தில் யாரும் இப்படிக் கறாராக இருந்து நியெவெஸ் பார்த்ததில்லை. பாதிரியாரை நம்பியதைவிட அதிகமாகக் கம்பைலரை நம்பினாள்.

இனி தண்ணீருக்கு வருவோம். நகரத்தின் தெற்கு மேடுகளில் குழாய்த் தண்ணீர் கிடையாது. தேர்தலுக்குத் தேர்தல் வருகிறது, அதாவது பேச்சில். மற்ற நாட்களில் தண்ணீர் லாரிதான். வீட்டு வாசலில் நீலப் பீப்பாய்களை வைத்துக்கொண்டு, லாரிக்காரன் மனம் வைத்து நிறுத்துவானா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அபுந்தியோ என்பவனின் லாரிகள் அங்கே ராஜ்ஜியம் நடத்தின. அவன் வரும் நாள் அவனுக்கே தெரியாது, வந்தாலும் தண்ணீரில் பாசி மிதக்கும். நியெவெஸ் குடியிருந்ததும் அப்படி ஒரு மேட்டில்தான். அவள் வேலை பார்த்த நிறுவனத்துக்குத் தண்ணீர்க் கூட்டுறவு ஒன்றின் ஒப்பந்தம் கிடைத்தது. கிணற்று நிலையத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று நிரல் காலையில் கேட்கும், அதற்கேற்ப லாரிகளைப் புதன், சனி இரண்டு நாளும் மேடுகளுக்கு அனுப்பும். நியெவெஸ் வீடு வீடாகப் போய், அபுந்தியோவை விட்டுவிட்டுக் கூட்டுறவில் சேருங்கள் என்று பேசினாள். அவள் பேச்சுக்காகத்தான் மேடு முழுவதும் சேர்ந்தது. அவளையே தண்ணீர்க் குழுவின் தலைவியாகவும் ஆக்கினார்கள்.

எதிர்த்தவள் கசில்தா மட்டும்தான். கசில்தாவின் மகளுக்கு நியெவெஸ் ஞானத்தாய் என்பதால் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்று அழைத்துக்கொண்டார்கள். அந்த உறவு கசில்தாவின் வாயை எந்த விதத்திலும் கட்டிப்போடவில்லை. அவள் சிக்காரோன் என்ற வறுத்த பன்றிக்கறிக் கடை வைத்திருந்தாள். தண்ணீர் வராத நாளில் கடை இல்லை.

"கொமாத்ரே, அபுந்தியோ திருடன்தான். ஆனா கத்துனா நிறுத்துவான். உங்க கம்ப்யூட்டரைப் பார்த்து நான் எப்படிக் கத்துறது?" என்றாள்.

"எங்கிட்ட கத்துங்க, கொமாத்ரே. நான் இங்கதானே இருக்கேன்."

"கத்துவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

எட்டு மாதம் தண்ணீர் ஒழுங்காக வந்தது. கசில்தாவுக்குக் கத்த வாய்ப்புக் கிடைக்காததில் சிறு ஏமாற்றம்.

அலுவலகத்தின் முதலாளி டோன் ரமிரோ. வேலையை எப்படிப் பிரிப்பது என்று தெரியாததால் வரைபடத்தைப் பிரித்திருந்தார். நியெவெஸ் குடியிருந்த கிழக்கு மேடுகளுக்கு லாரி அனுப்பும் நிரல் அவள் பொறுப்பு, மேற்கு மேடுகளுக்கு எர்லான் என்ற பையன் பொறுப்பு. இருவரும் ஒரே வேலையை இரண்டு விதமாக எழுதினார்கள், கூட்டுறவும் இரண்டுக்கும் பில் கட்டியது. ரமிரோ ஒருமுறை சாந்தா குரூஸில் நடந்த மாநாட்டுக்குப் போய் ஒரு பையும் ஒரு விதியும் கொண்டுவந்தார். எல்லாப் பிழைகளையும் ஒரே பெரிய வலை போட்டுப் பிடிப்பது நாகரிகமல்ல, இன்ன பிழை என்று பெயர் சொல்லித்தான் பிடிக்க வேண்டும் என்பது விதி. மீறினால் நிரலைச் சேமிக்கவே விடாத ஒரு கருவியையும் பொருத்திவிட்டார். அதைப் பற்றி மாதாமாதம் பேசினார். பை பிய்ந்துபோனது, விதி பிய்யவில்லை.

கிணற்று நிலையத்தைக் கேட்டுவரும் பகுதி போரிஸ் கையில் வந்தது. போரிஸ் கெட்டிக்காரன், கலகலப்பானவன், எல்லோருக்கும் பிடித்தவன். எதைக் கேட்டாலும் "நார்மல்தான்" என்பான். அவனுடைய கார் பிரேக் பிடிக்காமல் பழக்கடைக்குள் போன அன்றும் அப்படித்தான் சொன்னான். பழைய ஜாவா நிரலைப் பார்த்து, இது என்ன கிழவி புலம்பல் என்று குரூவி மொழியில் ஒரே பிற்பகலில் திருப்பி எழுதிவிட்டான். குரூவி ஜாவாவுக்குத் தங்கை மாதிரி. இரண்டும் ஒரே வீட்டில் புழங்கும், ஒன்றின் நிரலை மற்றது கூப்பிடலாம். ஆனால் தங்கைக்கு அக்காவின் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. வரக்கூடிய பிழையை நெற்றியில் ஒட்டிக்கொள்ளச் சொல்லி அவளை யாரும் வற்புறுத்துவதில்லை. பிழை வராது என்று இதற்கு அர்த்தமில்லை. சொல்லாமல் வரும், அவ்வளவுதான். நீளமாக இருந்தது கையளவாகச் சுருங்கியது. ரமிரோ எல்லோரையும் கூப்பிட்டுக் கைதட்ட வைத்தார்.

அன்று மாலை நியெவெஸின் நிரலைக் கம்பைலர் வாசலில் நிறுத்தியது. கிணற்று நிலையம் பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வது என்று அவள் கேட்ச் பகுதியில் விலாவாரியாக எழுதியிருந்தாள்: மறுபடி கேட்பது, வீடுகளுக்குத் தகவல் அனுப்புவது எல்லாம். அதைக் காட்டி, 'இந்தப் பிழை இங்கே வரவே வராது, அதைப் பிடிக்க ஏன் நிற்கிறாய், எடு' என்றது கம்பைலர். போரிஸின் நிரல் நெற்றியில் எதுவும் இல்லை, ஆகவே பிழையும் இல்லை என்பது அதன் கணக்கு. எழுதியதை மட்டுமே படிக்கும் அப்பாவி அது.

நியெவெஸ் போரிஸிடம் போனாள். "கிணத்துல கரண்ட் போனா என்ன ஆகும்?"

"ஏன் இன்ஹே போகப்போவுது?" என்றான் போரிஸ். அந்த ஊரில் எஞ்சினியர்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"போனா?"

"கம்பைலரே வராதுன்னு சொல்லுதே. நீங்கதானே அதைக் கும்புடுறவங்க? எடுத்துப் போடுங்க. நார்மல்தான்."

பக்கத்தில் எர்லான் ஒரு கையில் கறி அடைத்த சால்தேன்யாப் பலகாரத்தைக் குழம்பு சிந்தாமல் கடித்துக்கொண்டே, மறு கையால் தன் கேட்சை அழித்துவிட்டிருந்தான். நியெவெஸ் தன் இடத்துக்குத் திரும்பி வந்து கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். மனத்தில் ஏதோ உறுத்தியது. ஆனால் அம்மாவுக்கு அடுத்து வாழ்நாளில் தன்னை ஏமாற்றாத கம்பைலர் சொல்கிறது. அழித்தாள். சில்லறைப் பிழைகளுக்காக வைத்திருந்த இன்னொரு கேட்ச் மட்டும் மிச்சமிருந்தது, கம்பைலர் யாரையும் அறிவிக்கச் சொல்லி வற்புறுத்தாத வகைப் பிழைகளுக்கானது. அது போதும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். மனிதர்கள் தப்புச் செய்யும்போதுதான் இவ்வளவு பொறுமையாகத் தங்களுக்கு விளக்கம் சொல்லிக்கொள்கிறார்கள்.

அடுத்த வாரம் சனிக்கிழமை விடிகாலையில் கிணற்று நிலையத்தில் மின்சாரம் போனது. லாரி வரவில்லை. நீலப் பீப்பாய்கள் வாசலில் வரிசையாக நின்றன, அவற்றுக்குப் பக்கத்தில் மனிதர்களும் நின்றார்கள். மதியத்துக்குள் மின்சாரம் வந்துவிட்டது, லாரி வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. கிணறு நிறையத் தண்ணீர் இருந்தது, ஓட்டுநர்கள் லாரியில் சாய்ந்து உத்தரவுக்காகக் காத்திருந்தார்கள். நிரலின் பதிவேட்டில் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை.

"பார்த்தீங்களா, ஒரு பிழையும் இல்ல" என்று ரமிரோ திரையைத் தட்டிக் காட்டினார். "சிஸ்டம் ஆரோக்கியமா இருக்கு. டிரைவருங்கதான் சோம்பேறிங்க."

"சொன்னேனே, நார்மல்தான்" என்றான் போரிஸ். அவனும் இப்போது மேற்கு மேட்டில் மாமியார் வீட்டோடுதான் இருந்தான், வீட்டு வாடகை மிச்சமாகும் என்று. ஆனால் அந்தச் சனிக்கிழமை அவன் குடும்பத்தோடு தாராத்தா என்ற ஊருக்குச் சொரீசோக் கறி தின்னப் போயிருந்தான். புதன்கிழமை அலுவலகத்தில் குளித்துக்கொண்டான்.

கசில்தா புதன்கிழமை மாலை நியெவெஸின் வாசலில் வந்து நின்றாள். கத்தவில்லை.

"கொமாத்ரே, அஞ்சு நாளா கடை இல்ல. பொண்ணு ஸ்கூலுக்கு அழுக்குச் சட்டையோட போறா, உங்க ஞானமகதான். நான் அதுக்குக்கூட ஒண்ணும் சொல்லல. வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எங்க அக்கா வீட்டுலேருந்து தூக்கிட்டு வந்திருப்பேன். மத்தவங்க சொல்ல மாட்டாங்க, தெரியும். நீங்க சொல்லுவீங்கன்னுதானே கையெழுத்துப் போட்டோம்?"

நியெவெஸ் நாற்காலியை இழுத்துப் போட்டாள். கசில்தா உட்காரவில்லை.

"சனிக்கிழமை மத்தியானம் கூட்டம் வெச்சிருக்கோம். அபுந்தியோவையே திரும்பக் கூப்பிடலாம்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க வந்து உக்காருங்க, மரியாதைக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேறு யாராக இருந்தாலும் ஓட்டுநர்கள்மேல் பழியைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். நியெவெஸுக்கும் அந்த வழி தெரியாமல் இல்லை. ஆனால் கேட்ட கேள்வி தண்ணீரைப் பற்றியதே அல்ல. நீ சொல்லவில்லையே என்பது. அம்மா மழையில் இறக்கிய கொடி நினைவுக்கு வந்து அவமானத்தில் காது சுட்டது.

வியாழக்கிழமை அலுவலகத்தில் நிரலைத் தன் கணினியில் ஓடவிட்டு, நடுவில் இணைய வயரைப் பிடுங்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. சிவப்பு எழுத்து இல்லை, முனகல் இல்லை. வயரைத் திரும்பச் செருகினாள். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. முதலாளியின் கருவியைத் தன் கணினியில் மட்டும் அணைத்து, விதியைத் தற்காலிகமாகக் காற்றில் விட்டு, சகலத்தையும் பிடிக்கும் பெரிய வலை ஒன்றைப் போட்டு மறுபடி வயரைப் பிடுங்கியபோது சிக்கியது: அவள் அழித்த அதே பிழை. கம்பைலர் வரவே வராது என்று சத்தியம் செய்த பிழை. போரிஸின் நிரலிலிருந்து சொல்லாமல் கிளம்பி, சில்லறைப் பிழைக்கான கேட்ச் தனக்கில்லை என்று அதைத் தாண்டி, வேளைக்கு வேளை நிரலை எழுப்பிவிடும் கடிகாரத்தின் மேலேயே போய் விழுந்திருந்தது. அந்தக் கடிகாரத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒருமுறை இப்படி அடிபட்டால் யாரிடமும் சொல்லாமல் நிரந்தரமாக நின்றுவிடும். வால்டராவது வலென்சியாவிலிருந்து ஒரு போன் செய்தான்.

மறுநாள் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. அலுவலகத்தில் கோஆ போடும் நாள். கரியடுப்பில் மூலிகையும் சர்க்கரைப் பொம்மைகளும் கம்பளி நூலும் வைத்துப் பூமித்தாயான பச்சமாமாவுக்குப் புகை போட்டு, நான்கு மூலையிலும் சிச்சா தெளிப்பார்கள். அந்த மாதம் ரமிரோ சர்வர் அறைக்கு விசேஷமாக இரண்டு தட்டுப் படையல் சொல்லியிருந்தார். பிழை எங்கே என்று தேடுவதற்கு அவர் செய்த ஏற்பாடு அது ஒன்றுதான். நியெவெஸும் பயபக்தியோடு சிச்சா தெளித்தாள். தெளித்துவிட்டு, புகை கலைவதற்குள் போரிஸின் குரூவி நிரலைத் திறந்து, அதன் நெற்றியில் 'த்ரோஸ்' என்று பிழையின் பெயரோடு எழுதிச் சேமித்தாள். குரூவி கட்டாயப்படுத்தாதே தவிர, எழுதினால் வேண்டாம் என்பதில்லை. அக்காவும் அதைப் படித்துக்கொள்வாள்.

ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. சர்வர் அறையில் புகை, வெளியே எல்லாத் திரையிலும் சிவப்பு. போரிஸின் நிரலைக் கூப்பிட்டு வேலை வாங்கியவர்கள் அத்தனை பேரையும் கம்பைலர் மறித்துக்கொண்டது. லாரி அனுப்புகிறவர், பில் போடுகிறவர், அறிக்கை தயாரிக்கிறவர் என்று ஒருவரும் தப்பவில்லை. 'இந்தப் பிழை வரலாம். வந்தால் நீ என்ன செய்வாய்?' என்ற ஒரே கேள்விதான் எல்லோருக்கும்.

"யாரு இதைப் பண்ணது?" என்றார் ரமிரோ, கையில் சிச்சாக் குவளையோடு.

"நான்தான்" என்றாள் நியெவெஸ். "கிணத்துல கரண்ட் போனா தண்ணி அளவு தெரியாது. அதை இத்தனை நாளா நாம யார்கிட்டயும் சொல்லல. சொல்லியிருக்கேன், அவ்வளவுதான்."

போரிஸ் நாற்காலியை விட்டு எழுந்தான். "இன்ஹே, என் நெத்தியில பிழைன்னு எழுதி ஒட்டிட்டீங்களே. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"கரண்ட் போகும்னு நினைப்பாங்க."

"காலையிலேருந்து எல்லாத் திரையும் பச்சையா இருந்துச்சு" என்று முனகினார் ரமிரோ. "மத்தியானம் சிக்காரோனுக்கு டேபிள் சொல்லியிருக்கேன். எல்லாரும் ஆளுக்கொரு கேட்ச் எழுதி, ஒரு மணிக்குள்ள பச்சையாக்குங்க."

ஆக்கினார்கள். அரை மணி நேரத்தில் சிவப்பெல்லாம் மறைந்தது. எப்படி என்றால், பிழை வந்தால் என்ன செய்வாய் என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் கேட்ச் என்று எழுதி, அடைப்புக்குறி திறந்து, உள்ளே ஒன்றும் எழுதாமல் மூடினார்கள். கம்பைலர் கேட்பது பதில் இருக்கிறதா என்றுதான், பதிலில் ஏதாவது இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. எர்லான் இரண்டு அடைப்புக்குறிக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டிருந்தான், படிக்க வசதியாக. எல்லோரும் சிக்காரோன் தின்னப் போனார்கள். நியெவெஸ் போகவில்லை. அழித்ததையெல்லாம் திரும்ப எழுதிக்கொண்டிருந்தாள்: பதில் வராவிட்டால் வீடுகளுக்கு உடனே தகவல், கால் மணிக்கு ஒருமுறை கிணற்றைக் கேட்பது, பதில் வந்ததும் லாரிக்கு உத்தரவு, வீடுகளுக்கு மறுபடி தகவல்.

சனிக்கிழமை விடிகாலையில் மின்சாரம் போனது. கோஆவை ஏற்றுக்கொண்ட பச்சமாமா மின்வாரியத்துக்குப் பொறுப்பில்லை போலும். நியெவெஸ் படுக்கையில் கிடந்தபடி மேடெங்கும் போன்கள் கிணுகிணுப்பதைக் கேட்டாள். அவளுக்கும் அதே செய்திதான் வந்திருந்தது: 'இன்று காலை லாரி வராது. கிணற்றில் மின்சாரம் இல்லை. மின்சாரம் வந்ததும் சொல்கிறோம். காத்திருக்க வேண்டாம்.' எதிர் வீட்டிலிருந்து கசில்தாவின் குரல் வந்தது. "வராதாம்! வராதுன்னு போன்ல எழுதி வந்திருக்கு!" திருவிழா அறிவிப்பதைப் போல அறிவித்தாள். பிறகு இரண்டு வாளியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு இறங்கிப் போனாள். அன்றைக்கு அந்த மேட்டில் ஒருவரும் பீப்பாய்க்குப் பக்கத்தில் நிற்கவில்லை.

மதியக் கூட்டத்துக்கு எல்லோரும் வந்தார்கள். காத்துக்கிடந்து களைக்காததால் சண்டை போடத் தெம்போடு வந்தார்கள். நியெவெஸ் முன்னால் போய் நின்றாள். போன வாரம் தண்ணீர் வராததற்கு ஓட்டுநர்கள் காரணமில்லை, நிரல்தான் என்றாள். உங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டிய பகுதியைத் தன் கையாலேயே அழித்ததையும் சொன்னாள். இப்போது திரும்ப எழுதியிருக்கிறேன் என்றாள்.

"இனிமே வராம இருக்காதே?" என்று யாரோ கேட்டார்கள்.

கண்டிப்பாக என்று ஒரு சொல் சொன்னால் போதும், கூட்டம் முடிந்துவிடும். எல்லோரும் அதற்காகத்தான் வந்திருந்தார்கள்.

"இருக்கும்" என்றாள் நியெவெஸ். "கரண்ட் போகும். மறியல் வரும். பம்பு கெட்டுப்போகும். அப்பெல்லாம் வராது. வராதுன்னு தெரிஞ்ச உடனே உங்களுக்கும் தெரியும். அதுக்கு மட்டும்தான் நான் வாக்குக் குடுக்க முடியும்."

கூட்டம் முணுமுணுத்தது. அபுந்தியோ இதைவிட நன்றாகப் பேசுவான் என்று ஒருவர் சொன்னார், அது உண்மையும்தான். அந்த நேரத்தில் நியெவெஸின் போன் அடித்தது. போரிஸ்.

"இன்ஹே, உங்க மேட்டுக்கு லாரி வந்துதா?" பின்னணியில் ஒரு பெண்மணி யாரையோ வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது கேட்டது.

"வரல. கரண்ட் இல்ல. காலையிலேயே எல்லாருக்கும் தகவல் வந்திருச்சு. உங்களுக்கு வரலையா?"

"ஒண்ணும் வரலையே. விடிஞ்சதுலேருந்து மாமியாரோட பீப்பாய் பக்கத்துல நிக்கிறேன். வெயில் மண்டையைப் பொளக்குது. பதிவேட்டைப் பார்த்தேன், ஒரு பிழையும் இல்லை."

"மேற்கு மேடு எர்லானோட கேட்ச். உள்ளே ஒண்ணும் எழுதல அவன்" என்றாள் நியெவெஸ். பிறகு, எத்தனையோ நாளாக யாரிடமாவது சொல்லக் காத்திருந்ததைப் போல, ரொம்ப அன்பாகச் சொன்னாள்: "அப்போ நார்மல்தான், போரிஸ்."

அந்தப் பக்கம் மாமியாரின் குரல் நெருங்கி வந்தது. "யாருய்யா அது? தண்ணி ஆபீசா? நீதான் தண்ணி புரோகிராம் எழுதினவன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியே..."

கசில்தா நியெவெஸின் தோளுக்கு மேல் எட்டி, "யாரு கொமாத்ரே?" என்றாள்.

"தண்ணி இருக்கான்னு கிணத்தைக் கேக்குற புரோகிராமை எழுதினவர். அவருக்குத் தண்ணி வரலையாம், ஏன்னும் தெரியலையாம்."

கசில்தா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டீங்களா? எழுதினவனே வெயில்ல நிக்கிறான். நாம எல்லாரும் நிழல்ல உக்காந்து இவங்களைத் திட்டிக்கிட்டு இருக்கோம்." உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். "எனக்குக் கை தூக்கி ஓட்டெல்லாம் வேணாம். அபுந்தியோ வருவேன்னு சொல்லுவான், வர மாட்டான். இவங்க வராதுன்னு சொல்லுவாங்க, வராது. நான் இவங்ககூட இருக்கேன்."

யாரும் கையைத் தூக்கவில்லை. அபுந்தியோவைப் பற்றியும் யாரும் அப்புறம் பேசவில்லை. பேச்சு மெதுவாகக் கசில்தாவின் கடை எப்போது திறக்கும் என்பதில் போய் நின்றது.

எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தபோது மணி மூன்றிருக்கும். மின்சாரம் வந்துவிட்டது, லாரி கிளம்பிவிட்டது என்று செய்தி. பீப்பாய்களை வாசலுக்கு உருட்டும் சத்தம் மேடெல்லாம் கேட்டது.

மேற்கு மேட்டுக்குச் செய்தி எதுவும் போகவில்லை. அங்கே போரிஸ் ஒரு காலிப் பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் மடிக்கணினியை வைத்து, மாமியார் அவன் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருக்க, எர்லான் தன் கேட்சுக்குள் விட்டிருந்த அந்த இடைவெளியில் எழுத ஆரம்பித்தான்.